'இகிரு'வா, 'லிவிங்'கா?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'இகிரு' 1952இல் வந்தது. எழுபது வருடம் கழித்து, 2022இல், அதே கதையை 1950களின் லண்டனில் வைத்து 'லிவிங்' என்று எடுத்தார் ஆலிவர் ஹெர்மானஸ். திரைக்கதை கசுவோ இஷிகுரோ. நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். இந்தக் கதையை அங்கே கொண்டுபோக அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

காலமெல்லாம் கோப்புகளோடு கிடந்த அதிகாரி ஒருவருக்குப் புற்றுநோய். மனுவோடு துறை துறையாக அலைக்கழிக்கப்பட்ட பெண்களுக்காக, மிச்சமிருக்கும் மாதங்களில் ஒரு சிறுவர் பூங்காவைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேருகிறார். இரண்டு படத்திலும் இதுதான் கதை.

வித்தியாசம் ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. 'லிவிங்'கில் டாக்டர் விஷயத்தை நேராகச் சொல்கிறார். அதிகாரியாக வரும் பில் நை மரியாதை குறையாமல் கேட்டுக்கொள்கிறார். 'இகிரு'வில் டாக்டர் சொல்வது பொய். ஆனால் வெளியே காத்திருந்தபோதே ஒரு நோயாளி, புற்றுநோய் வந்தவர்களிடம் டாக்டர்கள் என்ன பொய் சொல்வார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். லேசான அல்சர்தான், பிடித்ததைச் சாப்பிடலாம் என்று அதே வார்த்தைகள் உள்ளே ஒவ்வொன்றாக வந்து விழ, அங்கே அதிகாரியாக நடிக்கும் டகாஷி ஷிமுராவின் முகம் இருண்டுகொண்டே போகிறது. ஆறுதல் வார்த்தையே மரண தண்டனையாக மாறும் இந்தக் காட்சியை ரீமேக் ஏன் விட்டுக்கொடுத்தது என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

நடிப்பில் யாரையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஷிமுராவுக்குக் கண்ணும், தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும் குரலும். பில் நைக்கு அடக்கம். அந்த வேடத்துக்காக அவரும், தழுவல் திரைக்கதைக்காக இஷிகுரோவும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது நியாயமே. அலுவலகத்தை விட்டுப் போன இளம்பெண்ணிடம் பில் நை மனம் திறக்கும் இடத்தில், விளையாடும் குழந்தைகளைப் பற்றி இஷிகுரோ எழுதியிருக்கும் வசனம் அருமை. ஆனால் 'இகிரு'வில் அதே கட்டத்தில் ஷிமுரா அந்தப் பெண்ணைப் பயமுறுத்தும் அளவுக்குக் கெஞ்சுகிறார். சட்டென்று வழி புலப்பட்டு மாடிப்படியில் இறங்கி ஓடும்போது, மேலே ஒரு கும்பல் வேறு யாருக்கோ பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறது. அது அவருக்காகவே பாடியதுபோல் ஆகிவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

உண்மையான பிரிவு அவர் இறந்த பிறகுதான். குரோசவா கடைசி 50 நிமிடத்தைப் பெரும்பாலும் துக்க வீட்டிலேயே ஓட்டுகிறார். பூங்கா யாரால் வந்தது என்று சக ஊழியர்கள் சாக்கே என்ற ஜப்பானிய அரிசி மதுவைக் குடித்தபடி வாதாடுகிறார்கள். துணை மேயர் ஏற்கெனவே பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நடுவில் அந்தப் பெண்கள் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், இறந்தவரின் புகைப்படத்தின் முன் அழுதுவிட்டுப் போகிறார்கள். போதை ஏற ஏற உண்மை வெளியே வருகிறது. இனி நாமும் அப்படியே உழைப்போம் என்று சபதம் போடுகிறார்கள். மறுநாள் ஆபீசில் அடுத்த மனு வருகிறது. வேறு துறைக்குப் போகச் சொல்கிறார்கள். ஒரே ஒருவன் நாற்காலி சரிய எழுந்து நிற்கிறான். பிறகு அவனும் உட்கார்ந்து கோப்புக் குவியலுக்குப் பின்னால் மறைந்துபோகிறான்.

'லிவிங்' இந்தப் பகுதியைச் சுருக்கி, சபதத்தை ரயில் பெட்டிக்கு மாற்றுகிறது. வேக்லிங் என்ற இளைஞனைச் சேர்த்து, அவனுக்கு இறந்தவர் ஒரு கடிதம் எழுதி வைத்ததாகவும் காட்டுகிறது. கடிதம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும், குடிகாரர்களின் உளறலிலிருந்து பார்வையாளர் தானே கண்டுபிடிக்க வேண்டியதை அது பதவிசாக எடுத்துக் கொடுத்துவிடுகிறது. 143 நிமிடம் 102 ஆனதில் நமக்குப் பெரிய நஷ்டம் இங்கேதான்.

ஒரு ராத்திரிதான் நேரம் கிடைக்கும் என்றால் 'இகிரு' பாருங்கள். 'லிவிங்'கை இரண்டு வாரம் தள்ளிப் பார்க்கலாம், பில் நைக்காகவே.