மலை லைனில் எஸ்எஸ்எச்எஃப்எஸ்: நாலு ஆப்ஷன் போட்டால் தேறும்

கோவையில் இருக்கும் சர்வரின் ஃபோல்டரை கோத்தகிரியில் உள்ள லினக்ஸ் மெஷினில் சொந்த ஃபோல்டர் போலத் திறக்க எஸ்எஸ்எச்எஃப்எஸ் என்ற ப்ரோகிராம் போதும். சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக ஃபைல்களைக் கொடுத்து வாங்கும் எஸ்எஃப்டிபி ஓடினால் சரி, புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். அடியில் இருப்பது 2005-ல் லினக்ஸ் கெர்னல் 2.6.14-இல் சேர்ந்த ஃபியூஸ்; சாதாரண ப்ரோகிராமே ஃபைல் சிஸ்டமாக நடக்க வழிசெய்யும் பகுதி அது. அதனால் மவுண்ட் பண்ண, அதாவது அந்த ஃபோல்டரை இங்கே பொருத்த, ரூட் (அட்மின்) உரிமையும் தேவையில்லை.

வம்பு அதன் டீஃபால்ட் அமைப்பில்தான். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் மவுண்ட் அப்படியே உறைந்துவிடும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் பதில் வராது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கூடத் தொங்கும். கெர்னல் எஸ்எஸ்எச்எஃப்எஸ் ப்ராசஸின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவோ அடியில் இணைப்பைத் தாங்கும் டிசிபி கைவிடும்வரை, சுமார் கால் மணி நேரம், சும்மா உட்கார்ந்திருக்கும்.

மருந்து, மவுண்ட் பண்ணும்போது தரும் ஆப்ஷன்கள்: ரீகனெக்ட் (அறுந்தால் தானே திரும்ப இணையும்), சர்வர்-அலைவ்-இன்டர்வல் 15 (15 விநாடிக்கு ஒருமுறை சர்வரை விசாரிக்கும்), சர்வர்-அலைவ்-கவுன்ட்-மேக்ஸ் 3 (மூன்று முறை பதில் இல்லையென்றால் கைவிடும்). லைன் செத்தது 45 விநாடியில் தெரிந்துவிடும். லாகின் எஸ்எஸ்எச் கீ ஃபைல் வழியாக இருக்கட்டும். பாஸ்வேர்ட் என்றால் திரும்ப இணையும்போது அதை யார் அடிப்பது? அறுந்த நேரத்தில் திறந்திருந்த ஃபைல் எரர்தான் தரும், மூடித் திறக்க வேண்டும். நாலாவது, டிகேஷ்-டைம்அவுட்: ஃபோல்டர் பட்டியலை நினைவில் வைத்திருக்கும் நேரம். டீஃபால்ட் 20 விநாடி. 120 வைத்தால் பெரிய ஃபோல்டரில் மறுபடி நுழையும்போது இழுக்காது. ஆனால் கோவையில் யாராவது ஃபைலை மாற்றினால் இங்கே தாமதமாகத்தான் தெரியும்.

'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டட்' என்று வந்தால் ப்ராசஸே செத்துவிட்டது என்று பொருள். மவுண்டைக் கழற்ற ஃபியூசர்மவுண்ட்3-ஐ 'யூ' ஆப்ஷனோடு ஓட்டி, மறுபடி மவுண்ட் பண்ணுங்கள். 'பிஸி' என்றால் 'இசட்' சேருங்கள். டெர்மினல் ப்ராம்ப்டில் கிட் (கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கருவி) நிலவரம் காட்டும் அலங்காரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு என்டருக்கும் நூற்றுக்கணக்கான ஃபைல்களின் விவரம் கேட்டு அது கோவைக்கு ஓடும். பில்லிங் டேட்டாபேஸை மட்டும் இதன்மேல் வைக்கவே கூடாது. இங்கே போடும் பூட்டு இன்னொரு மெஷினுக்குத் தெரியாது. இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் ஃபைல் நாசம்.

போட்டோ, வீடியோ என்று பெரிய ஃபைல்களுக்கு ஆர்குளோன் என்ற இன்னொரு ப்ரோகிராமின் மவுண்டே மேல். விஎஃப்எஸ்-கேஷ்-மோடை 'ஃபுல்' என்று வைத்தால் படித்த பகுதி உள்ளூர் டிஸ்கில் தங்கும். எழுதியதோ, ஃபைலை மூடி 5 விநாடி கழித்துத்தான் மேலே ஏறத் தொடங்கும். 'சேவ் ஆகிவிட்டது' என்பதை நம்பி உடனே ஆஃப் பண்ணினால் சர்வரில் பழைய ஃபைல்தான் இருக்கும். கரண்ட் போய்விட்டாலும் பதற வேண்டாம். அதே ஆப்ஷன்களோடு மறுபடி ஓட்டினால் மிச்சத்தை ஏற்றிவிடும். இடையில் கேஷ் ஃபோல்டரை யாரும் துடைத்துவிடாமல் இருக்க வேண்டும்.