திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்: சாயப்பட்டறைக்காரர் பார்வையில்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவும் நொய்யல் ஆற்றுக்குப் போகாத முறை இங்கே கட்டாயமாக வேரூன்றியது. தனிப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாத செலவைப் பல பட்டறைகள் பங்கு போட்டுக்கொள்வதே இந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்.

தண்ணீர் விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உயிரியல் தொட்டி, நிறநீக்கம், ஆர்.ஓ. (சவ்வு வழியே உப்பைப் பிரிப்பது) எல்லாம் தாண்டித் திரும்பும் நீர் பல போர்வெல் தண்ணீரைவிட மென்மையானது. வெளிர் நிறங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

சிக்கல், சாயம் ஏற்றப் போடும் உப்பில் (சோடியம் சல்பேட்). ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புநீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயத்துக்கே தரும் நிலையம் கிடைத்தால் விடாதீர்கள். அந்த உப்புநீரை ஆவியாக்கும் செலவு பெருமளவு மிச்சம். உப்புநீரை வாங்கும்போது அதன் கடினத்தன்மையைச் சோதியுங்கள். கால்சியம், மக்னீசியம் மிஞ்சியிருந்தால் துணியில் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறும். அடர்த்தி பார்த்து, குறையும் சோடியம் சல்பேட்டை மட்டும் சேர்க்க வேண்டும்.

ஒரே ஒரு உறுப்பினர் சல்பேட்டுக்குப் பதில் சாதா உப்பைப் போட்டாலும் போதும், கடைசியில் யாரும் வாங்காத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேரும். பஞ்சுத் தூசியை வடிகட்டாமல் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடைபடுவது அவர்கள் குழாய் மட்டுமில்லையே!