குட்டிப் பிள்ளைகளின் ஸ்நாக்ஸ் டப்பா: எது உதவும், எது ஏமாற்றும், உள்ளே எதை எப்படி வைப்பது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு வெளியே எடுத்துச் செல்ல இரண்டு அறைகள் கொண்ட சிறிய எவர்சில்வர் டப்பா ஒன்று, தயிர் போன்ற ஈரமானவற்றுக்கு இறுக்கமாக மூடும் 60 மி.லி. கிண்ணம் ஒன்று, மேலே வைக்க ஒரு ஐஸ் பேக். இவ்வளவு போதும். ஐந்தாறு அறை, பொம்மை முகம், குட்டி முள்கரண்டிகள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை படத்தில்தான் அழகு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதிகம் விற்பது பல அறை பிளாஸ்டிக் டப்பா. ஒரே மூடி, மூடியின் உட்புறம் முழுக்கச் சிலிகான் அட்டை, முன்னால் ஒரு கிளிப். அந்தச் சிலிகான் ஒவ்வொரு தடுப்புச் சுவரின் விளிம்பிலும் சரியாக அழுந்தினால்தான் ஓர் அறையின் ஈரம் அடுத்த அறைக்குப் போகாது. வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அறையில் மட்டும் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மற்ற அறைகளில் காகிதத் துண்டுகளை வைத்து மூடி, 10 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். வெளியே ஒரு சொட்டுகூட வராது, உள்ளே காகிதம் நனைந்திருக்கும். இப்படித்தான் பல டப்பாக்கள் மாட்டிக்கொள்ளும். பைக்குள் கசியாது என்பது உண்மைதான். ஆனால் நறுக்கிய பழத்தின் சாறு பக்கத்து அறைக்குப் போய், மொறுமொறுப்பான ரஸ்க் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகும். நமுத்துப்போனதைப் பிள்ளை தொடாது. அதோடு, நமுத்த ரஸ்க் பசை போல அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு கோளாறு சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். சிலிகான் அட்டை மூடியோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டிருந்தால், ஓரத்தில் மெல்லப் பிரிந்து அந்த இடுக்கில் ஈரம் தங்கும். முதலில் ஒரு புளித்த வாடை, பிறகு கறுப்புப் புள்ளிகள். அது பூஞ்சை. மேலே தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது இருப்பது அட்டைக்குப் பின்னால். ஆகவே சிலிகானைக் கையாலேயே முழுதாகக் கழற்ற முடிகிற டப்பாவை மட்டும் வாங்குங்கள். தினமும் கழற்றிக் கழுவி, தனித்தனியே காயவிட்டு, முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். மாட்டும்போது எங்காவது முறுக்கிக்கொண்டால் அந்த இடத்தில் கசியும். விரலால் ஒரு சுற்று அழுத்திப் பாருங்கள். தனியாக மாற்றுச் சிலிகான் கிடைக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக்கை எடுத்தால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது பாலிப்ரோப்பிலீன், சூட்டை ஓரளவு தாங்கும். 7 என்ற எண் பலவகைப் பிளாஸ்டிக்குகளுக்கும் பொதுவானது. பிஸ்ஃபீனால் ஏ (பிள்ளைகளின் பாத்திரங்களில் தவிர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள்) கொண்டு செய்யப்படும் பாலிகார்பனேட்டும் அதற்குள் அடங்கும் என்பதால், என்ன பிளாஸ்டிக் என்று தெளிவாக எழுதாத 7-ஐ விட்டுவிடலாம். கேரட்டின் ஆரஞ்சுக் கறை பிடிப்பது குறையல்ல. ஆனால் உட்புறம் கத்திக் கீறல்கள் விழுந்தால் டப்பாவை மாற்றிவிடுங்கள்; கீறலுக்குள் தங்கும் அழுக்கைக் கழுவி எடுக்க முடியாது. டப்பாவுக்குள் வைத்தே நறுக்கும் பழக்கத்தை விட்டாலே அதன் ஆயுள் கூடும்.

எவர்சில்வரை முதலிடத்தில் வைப்பது இதற்காகத்தான். கறை இல்லை, வாடை இல்லை, கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. 304 அல்லது 18/8 என்று பொறித்திருக்க வேண்டும். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 201 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளிப்பும் பட்டால் அதில் துருப்புள்ளி சீக்கிரம் வரும். காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வளைத்து அழுத்திய மூலைகளில் 304-கூட லேசாக ஒட்டும், 201-ஓ ஒட்டாமலும் இருக்கும். மடித்த விளிம்புகள் விரலைக் கிழிக்காமல் வழவழப்பாக இருக்கின்றனவா என்று முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். எவர்சில்வர் டப்பாவின் பலவீனம் மூடிதான். ரப்பர் வளையம் இல்லாத சாதா மூடி ஈரத்தைத் தடுக்காது. அதனால்தான் அந்தத் தனிக் கிண்ணம். இன்னொன்று, உள்ளே இருப்பது வெளியிலிருந்து தெரியாது. பராமரிப்பு மையத்துக்கு அனுப்பினால் மூடிமேல் என்ன இருக்கிறது, எப்போது வைத்தது என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

அளவு விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். இந்த வயதில் ஒரு வேளை ஸ்நாக்ஸுக்கு மொத்தக் கொள்ளளவு 150 முதல் 250 மி.லி. போதும். பெரிய டப்பா இரண்டு வழிகளில் கெடுக்கும். ஒன்று, வெற்றிடத்தை நிரப்பும் ஆசையில் சாப்பாட்டு வேளைப் பசியையே போக்கிவிடுவோம். இரண்டு, அரை அறை காலியாக இருந்தால் பை ஆடும்போதெல்லாம் துண்டுகள் உருண்டு மோதிச் சொதசொதவென்று ஆகிவிடும். அறை நிறைய வேண்டும், ஆனால் அமுக்கக் கூடாது.

அடுத்து, கைவிட்டு எடுக்கும் சிலிகான் இதழ் மூடிக் கோப்பைகள். கவிழ்த்தாலும் கொட்டாது என்பது இவற்றின் விளம்பரம். உலர்ந்த, லேசான பண்டத்துக்கு அது உண்மை. ஆனால் பிள்ளை அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடி, ஓடியபடி தின்னப் பழகிவிடும். தொண்டையில் அடைப்பு ஏற்படுவதற்கு அதைவிடத் தோதான நிலை வேறில்லை. உட்கார்ந்து, முதுகு நேராக, பெரியவர் ஒருவர் முகம் பார்க்கும் தூரத்தில் இருக்கும்போது மட்டும் ஸ்நாக்ஸ். ஓடும் காரில், பின்சீட்டில் தரவே கூடாது. தொண்டை முழுவதும் அடைத்தால் பிள்ளைக்கு இருமவோ அழவோ முடியாது, சத்தமே வராது, ஓட்டுபவருக்குத் தெரியப்போவதில்லை. இதழ்களைப் பிள்ளைகள் கடிப்பார்கள். ஒரு சிறு கிழிசல் தெரிந்தாலும் அந்த மூடியைத் தூக்கி எறியுங்கள்.

மசித்த பழத்தை அடைத்து விற்கும் உறிஞ்சும் பைகளை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மசித்த பழம் மெல்லும் பயிற்சி தருவதில்லை, பழத்தின் சர்க்கரை பல்லில் நெடுநேரம் படும். வாங்கினால் கரண்டியில் பிழிந்து கொடுங்கள். மூடியை உடனே உங்கள் பைக்குள் போடுங்கள்.

டப்பாவோடு வரும் பொம்மைக் குச்சிகளையும் குட்டிச் சாஸ் குப்பிகளையும் ஓர் எளிய வழியில் சோதிக்கலாம். 3 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளில் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் இந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் காலி அட்டைக் குழலைப் பயன்படுத்துங்கள். அது சற்று அகலமானது. அதனால் சோதனை இன்னும் கண்டிப்பாகவே அமையும். பொம்மைக் குச்சிகள் அநேகமாக எல்லாமே இதில் தோற்கும்.

டப்பாவைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ஆபத்தோ பாதுகாப்போ தீர்மானமாவது நறுக்கும் பலகையில்தான். முதல் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 13 முதல் 19 மாதங்களுக்குள் முளைக்கும். இரண்டாவது ஜோடி 23 முதல் 33 மாதங்களுக்குள். அதுவரை முன்பல்லால் கடித்துத் துண்டாக்க முடியும், அரைக்க முடியாது. அரைபடாத வட்டத் துண்டு குறுகலான மூச்சுக்குழலில் தக்கை போல உட்காரும். அதனால் வட்டம், கெட்டி, வழுக்கல், பிசுபிசுப்பு என்ற நான்கு குணங்களை நினைவில் வையுங்கள். திராட்சையையும் செர்ரி தக்காளியையும் நீளவாக்கில் 4 கீற்றாக நறுக்க வேண்டும். குறுக்கே நறுக்கினால் கிடைப்பது இரண்டு சிறு வட்டங்கள், ஆபத்து அப்படியே இருக்கும். சாசேஜுக்கும் இதே விதி. கேரட்டைப் பச்சையாகக் கொடுப்பதானால் துருவல். இல்லையென்றால் விரல் நீளக் குச்சிகளாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் நசுங்கும்வரை ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆப்பிளும் அப்படியே: வேகவைத்தது, அல்லது துருவியது. சீஸைக் கட்டியாக வெட்டாமல் மெல்லிய பட்டைகளாக. புளூபெரியை விரலால் தட்டையாக நசுக்கி.

முந்திரி, பாதாம், வேர்க்கடலை போன்ற முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டி மிட்டாய், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ ஆகியவை டப்பாவுக்குள் வரவே கூடாது. எந்த வெட்டும் அவற்றைச் சரிசெய்யாது. வேர்க்கடலை வெண்ணெயைக் கரண்டியோடு தந்தால் பசையாக அடைக்கும். ரொட்டியில் அடி தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் பிரச்சினையில்லை. ஆனால் பராமரிப்பு மையத்தில் வேறு பிள்ளைகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். 12 மாதம் நிறையும் முன் தேன் ஒரு சொட்டும் கூடாது. அதிலிருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகளைக் கைக்குழந்தையின் குடல் சமாளிக்காது.

கடைப் பாக்கெட்டுகளில் வாயில் கரையும் பஃப் வகை (உப்பவைத்த தானியத் துண்டுகள்) ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து ரப்பர் போல ஆகிவிடும். அப்போது அது கரையாது, அதைப் பாதுகாப்பாக்கிய குணமே போய்விட்டது. ஒன்றை நீங்களே நாக்கில் வைத்து, மெல்லாமல் சில நொடிகளில் கரைகிறதா என்று பார்த்த பிறகே டப்பாவில் போடுங்கள். அரிசியில் மட்டும் செய்ததை அன்றாடம் தராதீர்கள். நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளை மற்ற தானியங்களைவிட அதிகம் இழுத்துக்கொள்ளும். ஓட்ஸ், சோளம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படிப்பதில் பயனில்லை, திருப்புங்கள். பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக இருக்கும். முதல் மூன்றில் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்டோஸ், அடர்த்தியாகச் சுண்டவைத்த பழச்சாறு ஏதாவது இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குச் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் சொல்கிறது. சோடியம் என்று போட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு கிடைக்கும். 400 மி.கி. சோடியம் என்பது 1 கிராம் உப்பு. 1 முதல் 3 வயதுக்கு நாள் முழுவதற்குமே 2 கிராம்தான் மேல்வரம்பு.

இனி அடுக்குவது. கழுவிய பழத்தை நறுக்கும் முன் நன்றாகத் துடையுங்கள். கழுவிய நீரும் டப்பாவில் தண்ணீராகச் சேரும். வேகவைத்ததை முழுக்க ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து எல்லாவற்றின் மீதும் சொட்டும், உள்ளே வெதுவெதுப்பு நீடித்துக் கிருமியும் பெருகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்கு உகந்த வெப்பம். முட்டை, தயிர், சீஸ், இறைச்சி, நறுக்கிய பழம் ஆகியவற்றுக்கு ஐஸ் பேக் இல்லாமல் 2 மணி நேரம்தான் கெடு. வெளியில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் ஐஸ் பேக் டப்பாவின் மேலே இருக்கட்டும், அடியில் அல்ல. எவர்சில்வர் டப்பாவை முந்தைய இரவே காலியாக ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்த உலோகமும் சேர்ந்து குளிரைக் காக்கும்.

திரும்பி வந்த டப்பாவில் பாதி மிஞ்சியிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஈரமானதையும் பிள்ளையின் கை பட்டதையும் கொட்டிவிடுங்கள். என்ன மிஞ்சியது, எவ்வளவு மிஞ்சியது என்று மட்டும் கவனியுங்கள். நாளைக்கு, இன்று வைத்ததில் பாதியளவு வைத்தால் போதும்.