வார்ப்பிரும்பு தோசைக்கல், மூணு மாசம் ஓட்டிப் பார்த்தாச்சு
ஆன்லைன்ல வாங்குன 10 இன்ச் கல்லு, செம வெயிட்டு, ஒரு கையால தூக்க முடியல. அலுமினியம் மாதிரி இரும்பு சூட்டை வேகமா கடத்தாதுல்ல, அதனால ஃபுல்ல வெச்சா நடுவுல கருகி ஓரம் வெளுப்பா நிக்குது, சிம்ல வெச்சு பொறுமையா காயவிட்டாதான் சரியா வருது. ஆனா ஒருதடவ ஏறுன சூடு லேசுல இறங்காது, ஃப்ரிட்ஜ் மாவ ஊத்துனாலும் அந்த சொய்ங் சத்தம் குறையல, முறுகல் சும்மா சொல்லக்கூடாது! 'சீசன் பண்ணது'ன்னு, அதாவது மாவு ஒட்டாம இருக்க எண்ணெய் காய்ச்சிப் பழக்குனதுன்னு போட்டிருந்தாங்க, சும்மா, முதல் மூணு தோசைய சுரண்டித்தான் எடுத்தேன், நல்லெண்ணெய் தடவி வெங்காயம் தேச்சு ஒரு வாரம் பழக்குனப்புறம்தான் வழிக்கு வந்துச்சு. ஈரத்தோட விட்டா காலைல துரு. சூடா இருக்கும்போது பச்சத்தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, இது வளையாது, விரிசல்தான் விடும்.