தனி அறை என்பார்கள், தாழ்ப்பாள் இருக்காது

"தனி அறை, 24 மணி நேரக் கவனிப்பு" என்று சொல்லித்தான் முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால் அறைக்கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். நடையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி அம்மா கமோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கேட்டால் "விழுந்துட்டா என்ன பண்றது?" என்பார்கள். விழாமல் காக்க ஒருவர் திரைக்கு இந்தப்புறம் நின்றாலே போதும். நிற்க ஆள் இல்லை, அதுதான் விஷயம்.

டயப்பரும் அப்படித்தான். கைத்தாங்கலாகக் கழிவறைக்கு நடக்கக்கூடியவருக்கும் சேர்ந்த வாரமே மாட்டிவிடுவார்கள். ஈரத்தில் தோல் ஊறி, உரசலில் உரிந்து புண்ணாகும். இரவில் மாற்றும் வேலை குறையட்டும் என்று சாயங்காலமே தண்ணீரையும் குறைத்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று என்று தொடரும்.

உடம்பு துடைப்பதை ஒருமுறை நேரில் பாருங்கள், அம்மா சம்மதித்தால் மட்டும். முதலில் முகம், சோப்பில்லாத தண்ணீரில். பிறகு பெரிய துண்டால் உடம்பை மூடிவைத்து, ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிவிட்டுத்தான் அடுத்த கை. மறைவிடம் கடைசியில், தண்ணீரையும் துணியையும் மாற்றி, பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. அவரால் கையை அசைக்க முடிந்தால் துணியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். மோசமான இடங்களில் உடுப்பை முழுதாக உரித்துப்போட்டு, இரண்டு பேர் அவர் தலைக்கு மேலே ஊர்க்கதை பேசிக்கொண்டே முடிப்பார்கள். அதுவும் விடியுமுன்பே, ஷிப்ட் மாறுவதற்குள்.

அதனால் இடம் பார்க்கப் போவதென்றால் வரவேற்பறை பளபளக்கும் மதியத்தில் போகாதீர்கள், காலையில் போங்கள். கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்களா? தட்டிக்கொண்டே நுழைவது தட்டுவதில் சேராது. அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா, தலைமாட்டுக் கம்பிக்குப் பின்னால் தொங்குகிறதா? பகிர்ந்த அறை என்றால் திரையை இழுத்துப் பாருங்கள். கால்மாட்டில் ஒரு முழம் இடைவெளி விடும் திரைகளும் உண்டு. குழாய் வழியே சிறுநீர் சேரும் பைக்கு, வெளியே தெரியாமல் மறைக்கும் உறை உண்டா? அலமாரிச் சாவி யாரிடம்? கேமரா கட்டிலைப் பார்க்கிறதா, அதை யாருடைய போனில் பார்க்கிறார்கள்?

ஒப்பந்தத்தில் "பொதுச் சம்மதம்" என்ற பத்திக்குள் படம் எடுக்கவும் விளம்பரத்தில் போடவும் அனுமதி ஒளிந்திருக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். அம்மாவுக்குப் பெண் ஊழியர்தான் வேண்டுமென்றால், இரவு ஷிப்டுக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பகலுக்கு மட்டும் ஒப்புக்கொள்வது பழைய தந்திரம்.

வாராவாரம் அம்மாவிடம் விசாரிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். ஊழியர் பக்கத்தில் நின்றால் "எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்கப்பா" என்றுதான் பதில் வரும்.