வீட்டுக் கணக்கு எழுத ஹோம்பேங்க்

வீட்டு வரவு செலவு எழுத எளிமையான சாஃப்ட்வேர் எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஹோம்பேங்க். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பேங்க் பாஸ்வேர்டு கேட்காது, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்காது. மொத்தக் கணக்கும் நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாக இருக்கும்.

அந்த ஒரு ஃபைல்தான் எனக்கு முக்கியம். மைக்ரோசாஃப்ட் மணி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் விற்பனை 2009-ல் நின்றது, அமெரிக்காவில் அவ்வளவு பேர் நம்பியிருந்த மின்ட் என்ற ஆன்லைன் கணக்குச் சேவையை இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. வருஷக்கணக்கில் எழுதிய கணக்கு அடுத்தவன் சர்வரில் இருந்தால் அவன் கடையை மூடும் நாளில் நாம்தான் அலைய வேண்டும். ஹோம்பேங்க் 1995-ல் அமிகா கம்ப்யூட்டருக்காகப் பிறந்தது, இன்றும் புது வெர்ஷன் வந்துகொண்டிருக்கிறது. ஒருவேளை நின்றாலும் அதன் ஃபைல் வெறும் எக்ஸ்எம்எல், அதாவது சாதாரண எழுத்து ஃபைல் என்பதால் நோட்பேடில் திறந்தால்கூட நம் எண்கள் கண்ணுக்குத் தெரியும்.

நம் ஊர்ச் சிக்கல் யூபிஐ. டீ, பூ, ஆட்டோ என்று எல்லாமே ஸ்கேன் செய்துதான் கொடுக்கிறோம், மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் எடுத்தால் பக்கம் பக்கமாக யூபிஐ என்று தொடங்கும் வரிகள்தான். ஹோம்பேங்கில் 'அசைன்மென்ட்' என்று ஒரு வசதி உண்டு. பால்காரர் பெயர் அந்த வரியில் எங்கே வந்தாலும் 'பால்' கணக்கில் சேர் என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும், அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டை உள்ளே கொண்டுவரும்போது தானாகவே பிரித்துவிடும். இதற்காகவே இதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் ஸ்டேட்மென்ட்டை உள்ளே கொண்டுவருவது கொஞ்சம் எரிச்சலான வேலை, அதை மறைக்க விரும்பவில்லை. அது கேட்கும் சி.எஸ்.வி.யில் (வெறும் எழுத்தாகச் சேமிக்கும் அட்டவணை ஃபைல்) எட்டுப் பத்திகள், நடுவே அரைப்புள்ளி, தொகைக்கு ஒரே பத்தி, செலவு என்றால் முன்னால் மைனஸ். நம் பேங்குகளோ பொதுவாகப் பற்றையும் வரவையும் தனித்தனிப் பத்தியில் போட்டு, மேலே முகவரி, அக்கவுன்ட் விவரம் என்று நாலைந்து வரி சேர்த்துத் தருவார்கள். லிப்ரே ஆஃபீஸில் (எக்செல் போன்ற ஷீட் போட உதவும் இலவச சாஃப்ட்வேர்) ஒரு மாதிரி ஷீட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒட்டிச் சேமித்தால் சரி.

பட்ஜெட் போடலாம், வாடகை, இ.எம்.ஐ. போன்றவற்றைத் தானாகப் பதிய வைக்கலாம். பெட்ரோல் போடும்போது கிலோமீட்டரும் லிட்டரும் குறிப்பில் எழுதினால் வண்டியின் மைலேஜ்கூடச் சொல்லும்.

இன்னொரு கணக்கு சாஃப்ட்வேரான க்னூகேஷை ஏன் சொல்லவில்லை? அதுவும் இலவசம், திறமையில் ஒரு படி மேல். ஆனால் அது இரட்டைப் பதிவு முறை, ஒவ்வொரு ரூபாயும் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று சொல்லியாக வேண்டும். சின்னக் கடை வைத்திருப்பவர்கள், சீட்டு, நகைக்கடன், கைமாற்று என்று நாலு பக்கம் பணம் புரள்பவர்கள் தயங்காமல் அதற்கே போகலாம், அந்தக் கண்டிப்பு அவர்களுக்கு நல்லது. சம்பளம் வந்து செலவாகும் சாதாரண வீட்டுக்கு அது பாரம், இரண்டாவது வாரத்திலேயே எழுதுவதை விட்டுவிடுவார்கள்.

ஹோம்பேங்குக்கு மொபைல் ஆப் கிடையாது. எல்லாம் போனிலேயே வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போடும் வசதியும் இல்லை, அதனால் பலர் தொடும் கம்ப்யூட்டர் என்றால் தனி யூசரில் வையுங்கள், பென் டிரைவில் ஒரு காப்பியும் இருக்கட்டும்.

ஆரம்பிக்கும்போது பழைய வருஷங்களை எல்லாம் ஏற்றப் பார்க்காதீர்கள். இந்த மாதம் ஒன்றாம் தேதி ஒவ்வொரு அக்கவுன்ட்டிலும் என்ன இருப்பு இருந்ததோ அதைத் தொடக்க இருப்பாகப் போடுங்கள், கையில் இருக்கும் ரொக்கத்துக்கும் ஒரு அக்கவுன்ட் திறந்துவிடுங்கள், பிரிவுகளைப் பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம்.