வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை: டிஎஸ்எச்சுக்குச் சரி, ஏசிடிஎச்சுக்கு?

முந்தின இரவு ஆப்பில் பதிந்தால் காலை ஆறரைக்கு வாசலில் பெல் அடிக்கிறது. இரண்டு நிமிடத்தில் ஊசி போட்டு எடுத்துவிடுகிறார்கள், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டுக்கான டிஎஸ்எச் பார்ப்பவர்களுக்கு இந்தச் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குஷிங், அடிசன், கான் சிண்ட்ரோம், ஃபியோகுரோமோசைட்டோமா என்று அதிகம் கேள்விப்படாத ஹார்மோன் கோளாறு எதையோ சந்தேகித்து டாக்டர் எழுதித் தரும் சீட்டுக்கும் அதே ஆள், அதே பையோடுதான் வருகிறார். இந்த விமர்சனம் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. பெரிய ஆய்வகங்களில் இருக்கும் இயந்திரங்கள் நல்லவைதான். கையிலிருந்து எடுத்த ரத்தம் அந்த இயந்திரத்துக்குப் போய்ச் சேரும் நான்கைந்து மணி நேரத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

முதலில் ஏசிடிஎச். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியைக் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்க அனுப்பும் ஹார்மோன் இது. ரத்தத்திலேயே இருக்கும் என்சைம்கள் இதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள டியூபில், அதுவும் பிளாஸ்டிக் டியூபில் எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் வைத்து, குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம்) சுற்றி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். நடப்பது என்ன? டியூப் பைக்குள் போகிறது, பை ஸ்கூட்டரில் இன்னும் ஐந்து வீடு சுற்றுகிறது. சாயங்காலம் "6 பிகோகிராம்/மி.லி" என்று ரிப்போர்ட் வருகிறது.

குஷிங் (கார்டிசோல் அளவுக்கு மீறும் நோய்) என்று ஏற்கெனவே உறுதியான ஒருவருக்கு ஏசிடிஎச் 10-க்குக் கீழே இருந்தால் கோளாறு அட்ரீனலில்; 20-க்கு மேலே இருந்தால் பிட்யூட்டரியிலோ வேறெங்கோ ஒளிந்திருக்கும் கட்டியிலோ. ஆக, வழியில் கெட்டுப்போன ஒரு டியூப், பிட்யூட்டரி நோயாளியை அட்ரீனல் ஸ்கேனுக்கு அனுப்பிவிடும். நடுவயதைத் தாண்டியவர்களின் அட்ரீனலில் எந்தத் தொந்தரவும் தராத சின்னக் கட்டி இருப்பது அரிதல்ல. அது ஸ்கேனில் தெரிந்துவிட்டால் பேச்சு ஆபரேஷன் வரை போகும். ஏசிடிஎச் விஷயத்தில் வீட்டுச் சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் நேரத்துக்கு வந்ததற்காக.

இதற்கு நேர் எதிர், சிறுநீரகம் சுரக்கும் ரெனின். ஐஸில் வைத்தால், செயலற்றுக் கிடக்கும் புரோரெனின் குளிரில் ரெனினாகத் தூண்டப்படுகிறது. அளவு பொய்யாக ஏறுகிறது, அட்ரீனல் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை ரெனினால் வகுத்து வரும் விகிதம் இறங்குகிறது, அந்த ஹார்மோன் மிகுந்து பிரஷரை ஏற்றும் கான் சிண்ட்ரோம் கைநழுவிப் போகிறது. அதனால் ரெனின் டியூபைச் சாதாரண அறை வெப்பத்திலேயே கொண்டுபோக வேண்டும். ஒரே சீட்டில் ஏசிடிஎச்சும் ரெனினும் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: இரண்டும் ஊதா மூடி, இரண்டும் ஒரே பெட்டி. பெட்டியில் ஐஸ் இருந்தால் ஒன்று கெடும், இல்லாவிட்டால் மற்றது.

ரெனினில் இன்னொரு சிக்கல், ஆறரை மணி பெல். இந்தச் சோதனைக்குப் படுக்கையிலிருந்து எழுந்து குறைந்தது இரண்டு மணி நேரம் நடமாடியிருக்க வேண்டும், பிறகு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தவரிடம் எடுத்த ரத்தம் எதற்கும் உதவாது. பத்து மணிவாக்கில் கொடுங்கள். பொட்டாசியம் குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டீரோனும் இறங்கிவிடும் என்பதால் அதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். பிரஷர் மருந்தான ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கு நான்கு வார இடைவெளி வேண்டும். நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கால் சென்டர் அல்ல.

அதிமதுரம் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். நாள்கணக்கில் தொடர்ந்தால் பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கி, கான் சிண்ட்ரோம் போலவே வேஷம் போடும். ஆனால் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் இரண்டுமே குறைந்திருக்கும்.

டியூப்களை எந்த வரிசையில் நிரப்புகிறார் என்று ஒருமுறை கவனியுங்கள். மஞ்சள் அல்லது சிவப்பு மூடி முதலில், ஊதா பிறகு. ஊதாவில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ. அது ஒரு சொட்டு மஞ்சள் டியூபுக்குள் கலந்தாலும் பொட்டாசியம் தாறுமாறாக ஏறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு என்று அலறியடித்து வருபவர்களில் சிலருக்கு உண்மையில் வியாதி டியூபில்தான். பொட்டாசியம் அதிகம், கால்சியம் குறைவு, ஆனால் ஆளுக்கு ஒன்றுமில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்சுலினோமா (இன்சுலின் சுரக்கும் கட்டி) சந்தேகத்தில் சர்க்கரையும் இன்சுலினும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்குச் சர்க்கரைக்குச் சாம்பல் மூடி டியூப் கட்டாயம். சாதாரண டியூபில் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலையில் 72 இருந்தது மதியம் 55-ஐத் தொடும். ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் இன்சுலினும் சிதைந்து குறைவாகக் காட்டும். மயக்கம் வரும் நேரத்தில் எடுத்த சாம்பிளில் சர்க்கரை 55-க்குக் கீழே, இன்சுலின் 3 மைக்ரோயூனிட்டோ அதற்கு மேலோ, இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சி-பெப்டைடு 0.6 நானோகிராமோ அதற்கு மேலோ என்று மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அர்த்தம். 72 மணி நேரப் பட்டினிச் சோதனை வார்டில் செய்ய வேண்டியது. அதை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள்.

பதிவு செய்யும்போது ஆப் கேட்கும் ஒரே கேள்வி, "வெறும் வயிறா?" கேட்க வேண்டியவை வேறு. முடி உதிர்வுக்கு 10 மில்லிகிராம் பயோட்டின் சாப்பிடுகிறீர்களா? பயோட்டினைப் பயன்படுத்தி அளக்கும் இயந்திரங்களில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாக இறக்கி, தைராய்டு ஹார்மோனான டி4-ஐப் பொய்யாக ஏற்றும். தைராய்டு கொதிப்பது போலவே ரிப்போர்ட் வரும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். கேஸ் தொல்லைக்கு லெவோசல்பிரைடோ டோம்பெரிடோனோ கலந்த கேப்சூல் உண்டா? பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறுவதற்கு அதுவே போதும், எம்ஆர்ஐ வரை போக வேண்டாம். ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன்? பல கார்டிசோல் சோதனைகள் அதையும் கார்டிசோல் என்று எண்ணிவிடும். மூட்டு வலிக்குப் பெயர் தெரியாத மருந்து? அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் குஷிங் போல உப்பியிருக்கும், ரத்தத்தில் கார்டிசோலோ அடிமட்டத்தில் இருக்கும்.

ஃபியோகுரோமோசைட்டோமா என்பது அட்ரினலின் போன்றவற்றைக் கொட்டும் கட்டி. அதற்கான பிளாஸ்மா மெட்டானெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து வருவது) சோதனைக்கு ரத்தம் எடுக்கும் முன் 20 முதல் 30 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி எடுத்தால் இல்லாத கட்டி இருப்பதாகக் காட்டும். வேடிக்கை என்னவென்றால், கட்டில் இருப்பது வீட்டில்தான். காத்திருக்கத்தான் வருபவருக்கு நேரமில்லை.

நியாயமாகச் சொன்னால், வீட்டில்தான் நன்றாக நடக்கும் சோதனைகளும் உண்டு. இரவு 11 மணி உமிழ்நீர்க் கார்டிசோல் அதில் முதலிடம்: பல் துலக்காமல், புகையிலை தொடாமல், பஞ்சுக் குச்சியை வாயில் ஊறவைத்துக் குழாயில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் வாங்கிக்கொள்வார்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 1 மில்லிகிராம் கொடுத்து, கார்டிசோல் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். இரவு 11-க்கு இரண்டு 0.5 மில்லிகிராம் மாத்திரை, காலை 8-க்கு ரத்தம், கார்டிசோல் 1.8 மைக்ரோகிராம்/டெ.லி-க்குக் கீழே போனால் குஷிங் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. கர்ப்பத்தடை மாத்திரையும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இந்த எண்ணை ஏற்றிக் காட்டும். 24 மணி நேரச் சிறுநீருக்கு, முதல் நாள் காலைச் சிறுநீரைக் கழித்துவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே மணிக்குப் போவது கேனில் சேர வேண்டும். கேனில் அமிலம் ஊற்றித் தந்திருந்தால் நேராகப் போகாமல் மக்கில் பிடித்து ஊற்றவும்.

"ஃபுல் ஹார்மோன் பேக்கேஜ்" பக்கமே போக வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் அலையலையாகச் சுரப்பது. ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. அந்த ஹார்மோன் மிகுந்து கை, கால், முகம் பெரிதாகும் அக்ரோமெகலி சந்தேகம் என்றால், அதன் தூண்டலில் உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 முதலில் பார்த்தால் போதும், அதற்குப் பட்டினிகூட வேண்டாம். பேக்கேஜில் முன்னது இருக்கிறது, பின்னது பல சமயம் இல்லை.

சீட்டில் ஏசிடிஎச், ரெனின், மெட்டானெஃப்ரின் இவற்றில் எது இருந்தாலும், ஆப்பை மூடிவிட்டு ஆய்வகத்தின் தலைமைக் கிளைக்குப் போன் செய்யுங்கள். ஏசிடிஎச் என்றால் குளிர் சென்ட்ரிஃபியூஜ் எந்தக் கிளையில் இருக்கிறது, ரெனின் என்றால் ஐஸில் வைக்காமல் கொண்டுபோவீர்களா, எடுத்து எத்தனை நிமிடத்தில் சுற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கிளைக்கு நீங்களே காலையில் ஆட்டோ பிடித்துப் போய்விடுவது உத்தமம்.